சுற்றுச்சுவர் காப்பாற்றாது

சென்னையில் வீடு வாங்கும் வசதி வந்துவிட்ட குடும்பத்துக்கு உறவினர்களும் அலுவலக நண்பர்களும் இன்று சொல்லும் யோசனை ஒன்றே: "கேட்டட் கம்யூனிட்டியாப் பாத்து வாங்கிடுங்க." எந்த ஊர், எந்தத் தெரு என்பதெல்லாம் அடுத்த கேள்வி. சோழிங்கநல்லூர், நாவலூர், படூர், தாழம்பூர், பெரும்பாக்கம் என்று எதுவாகவும் இருக்கலாம். உயரமான சுற்றுச்சுவர், வாசலில் சீருடை போட்ட செக்யூரிட்டி, உள்ளே நீச்சல்குளம், கிளப்ஹவுஸ், நடைபயிலப் பாதை இருந்தால் போதும். காரணங்களும் வரிசையாக வரும். பிள்ளைகள் பயமில்லாமல் விளையாடலாம். பெண்கள் இரவில் தனியாக நடக்கலாம். அமெரிக்காவில் இருக்கும் மகன் இங்கே தனியாக இருக்கும் அப்பா அம்மாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தண்ணீர், கரண்ட் தொல்லை இல்லை. சுற்றிலும் நம்மைப் போன்றவர்களே இருப்பார்கள்.

கட்டுமான நிறுவனங்கள் மட்டும் இதைச் சொன்னால் வியாபாரம் என்று விட்டுவிடலாம். ஆசிரியர்கள் சொல்கிறார்கள், மருத்துவர்கள் சொல்கிறார்கள், ஊருக்கு நல்லது நினைக்கும் மனிதர்கள் முழு நம்பிக்கையோடு சொல்கிறார்கள். அரசாங்கம் செய்யவில்லை, எங்கள் காசில் நாங்களே ஏற்பாடு செய்துகொள்கிறோம், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறார்கள். நேர்மையான கேள்விதான். நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். நஷ்டம் இருக்கிறது, வெளியே இருப்பவர்களுக்கும் இருக்கிறது, உள்ளே இருப்பவர்களுக்கும் இருக்கிறது. சுற்றுச்சுவர் தருவதாகச் சொல்லும் எதையும் அதனால் தனியாகத் தர முடியாது. ஊரைப் பற்றி இனி நாம் கவலைப்பட வேண்டியதில்லை என்ற நினைப்பை மட்டும் அது தருகிறது. அந்த நினைப்பைத்தான் இத்தனை லட்சம் கொடுத்து வாங்குகிறோம். அது நம்மையும் ஊரையும் சேர்த்துக் கெடுக்கிறது என்பது என் வாதம்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் சில, தங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டன. அந்த ஊழியர்களில் பலருடைய வீடு அதே சாலையின் இரு பக்கமும் எழுந்து நிற்கும் அடுக்குமாடிகளில் இருந்தது. அங்கேயும் தண்ணீர் இல்லை. குழாய் திறக்க நேரம் குறித்தார்கள். அசோசியேஷன் செயலாளர்கள் லாரிக்காகப் போனும் கையுமாக அலைந்தார்கள்.

ஏன் அப்படி ஆயிற்று? சோழிங்கநல்லூர், பெருங்குடிப் பகுதிகள் 2011-ல்தான் மாநகராட்சிக்குள் வந்தன. அதுவரை 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சி அந்த ஆண்டு 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அதற்கு முன்பே அங்கே வளாகங்கள் எழும்பத் தொடங்கிவிட்டன. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் பல ஆண்டுகள் கழித்துத்தான் மெல்ல மெல்ல வந்தன. 'இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர்' என்று விளம்பரத்தில் அச்சடித்தவர்கள், அது எங்கிருந்து வரும் என்று அச்சடிக்கவில்லை. முதலில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வந்தது. கிணறு வற்றியதும், அல்லது உப்புக் கரித்ததும், டேங்கர் லாரியில் வந்தது. லாரிகள் சுற்றுப்புறக் கிராமங்களின் விவசாயக் கிணறுகளில் நிரப்பிக்கொண்டு வந்தன. பயிருக்கு ஓடிய பம்புசெட் லாரிக்கு ஓடியது. பக்கத்து வீட்டு அடிபம்பில் தண்ணீர் இறங்கிப்போயிற்று. ஊர்க்காரர்கள் லாரிகளை மறித்த நாட்களும் உண்டு, லாரிக்காரர்களே வேலைநிறுத்தம் செய்த நாட்களும் உண்டு. அன்றைக்கெல்லாம் பதினைந்தாவது மாடிக் குழாயில் காற்றுதான் வந்தது.

யாருக்கு என்ன நஷ்டம் என்ற கேள்விக்கு அந்தக் கிராமத்து அடிபம்பு ஒரு பதில். இன்னொரு பதிலும் அதே தண்ணீரில் இருக்கிறது. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஓட்டு வீடு, மாடி வீடு, அரசு அலுவலகம், கல்யாண மண்டபம் எதற்கும் விலக்கு இல்லை. அடுத்தடுத்து வந்த மழையில் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியதைச் சென்னைவாசிகள் தங்கள் வீட்டிலேயே கண்டார்கள். ஒருவர் கூரையிலிருந்து இறக்கிய மழை அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் போனது. தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்த அளவுக்குத் தீர்ந்தது ஊர் முழுவதும் சேர்ந்து ஒன்றைச் செய்தபோதுதான். ஒவ்வொரு வளாகமும் தனித்தனியே இன்னும் நூறு அடி ஆழம் துளை போட்டபோதெல்லாம் பிரச்சினை பெருகியது.

வெள்ளத்தின் கதை இதைவிடக் கசப்பானது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரவியிருந்தது. தென்சென்னையும் அதையொட்டிய ஊர்களுமாகச் சுமார் 250 சதுர கிலோமீட்டர் நிலத்தில் பெய்யும் மழை, ஏரிக்குப் பின் ஏரியாக நிரம்பி வழிந்து அங்கே வந்து தங்கும். பிறகு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கோவளம் பக்கம் கடலைச் சேரும். 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது அந்தச் சதுப்பின் பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர்தான். போன நிலத்தில் மாநகராட்சிக் குப்பைமேடு இருக்கிறது, சாலை இருக்கிறது, அரசு நிறுவனங்கள் இருக்கின்றன, அடுக்குமாடிகளும் இருக்கின்றன. எல்லாப் பழியையும் வீடு வாங்கியவர்கள் தலையில் போட நான் வரவில்லை. அரசு தன் கையாலேயே அங்கே மண்ணைக் கொட்டியிருக்கிறது. ஆனால் சுற்றுச்சுவர் இந்தக் கேட்டில் தனியாக ஒரு வேலை செய்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வளாகம் கட்டுபவர் முதலில் லோடு லோடாக மண் அடித்து நிலத்தை உயர்த்துகிறார். பிறகு நான்கு பக்கமும் சுவர் எழுப்புகிறார். முன்பு அந்த நிலத்தின்மேல் பரவி நின்று மெதுவாக ஊறிய தண்ணீர், இப்போது சுவரோரமாக ஓடிப் பக்கத்துத் தாழ்வான தெருவுக்குள் புகுகிறது. அடுத்த ஆண்டு விற்பனைப் பிரதிநிதி வந்து, 2015 வெள்ளத்தில் எங்கள் இடத்தில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை என்று பெருமையாகச் சொல்கிறார். கேட்பவருக்கு மனம் குளிர்கிறது. அப்படியானால் அந்தத் தண்ணீர் யார் வீட்டுக்குள் போனது என்று அவர் கேட்டிருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் இடுப்பளவு தண்ணீரில் பள்ளிப் புத்தகங்களைப் பரணில் ஏற்றியவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தானே?

உயர்த்திக் கட்டியவர்களும் தப்பிவிடவில்லை. 2015 டிசம்பர் முதல் வாரத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் கீழ்த்தளக் கார் நிறுத்தங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. ஜெனரேட்டரும் மோட்டாரும் மின்சார அறையும் கீழே இருக்கும் கட்டடத்தில் அவை மூழ்கினால் லிஃப்ட் நிற்கும், குழாய் நிற்கும், போன் சார்ஜ் தீரும். பன்னிரண்டாவது மாடியில் நடக்க முடியாத தகப்பனாரை வைத்துக்கொண்டு இருப்பவருக்குச் சுவரின் உயரத்தால் அப்போது ஒரு பயனும் இல்லை. 2015-ல் காசிமேடு, நொச்சிக்குப்பம் போன்ற குப்பங்களின் மீனவர்கள்தான் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்து ஆட்களை மீட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் வெளி மாவட்டங்களிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்புரவுப் பணியாளர்கள் குப்பையை அள்ளினார்கள். மற்ற நாட்களில் இவர்களைத்தான் வாசலில் நிறுத்திப் பெயர், போன் நம்பர், எந்த ஃபிளாட் என்று கேட்கிறோம்.

வளாகங்கள் எழுந்த அதே இருபத்தைந்து ஆண்டுகளில் அதே பகுதியில் இன்னொரு குடியேற்றமும் நடந்தது. துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் 2000-ஐ ஒட்டி வந்தது. சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி வந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவந்து எட்டு மாடிக் கட்டடங்களில் இறக்கினார்கள். கண்ணகி நகரில் மட்டும் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடிசை மாற்று வாரிய வீடுகள். இவர்களில் பெரும்பாலோர் விரும்பி வந்தவர்கள் அல்லர். பார்த்துக்கொண்டிருந்த வேலை, பிள்ளைகளின் பள்ளி, கைராசியான டாக்டர் எல்லாம் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டன. பல பெண்களுக்குக் கிடைத்த புது வேலை, சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் வளாகங்களில் வீட்டு வேலை; ஆண்களுக்கு செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், பெயின்டிங்.

இவர்கள் இல்லாமல் அந்த வளாகங்களில் ஒரு காலை நேரம் நகராது. காலை ஏழு மணிக்குப் பாத்திரம் துலக்க ஒருவர் வருகிறார் என்றால், 2021 மே மாதத்திலிருந்து மகளிருக்குக் கட்டணமில்லாத மாநகரப் பேருந்து ஓடுவதால் வருகிறார். அவர் பிள்ளை அங்கன்வாடியிலோ அரசுப் பள்ளியிலோ சத்துணவு சாப்பிடுவதால் வருகிறார். ரேஷன் அரிசி இருப்பதால் நாம் கொடுக்கும் சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டுகிறார். அரசாங்கத்தை நம்பி நாங்கள் இல்லை என்று கிளப்ஹவுஸில் பேசுபவருடைய சமையலறை, அரசாங்கத்தின் பேருந்தையும் ரேஷன் கடையையும் நம்பித்தான் நடக்கிறது. இதில் தவறொன்றும் இல்லை. நகரம் என்பது அப்படித்தான் இயங்கும். அதை மறுத்துப் பேசுவதுதான் தவறு.

மறுப்பதோடு நிற்பதுமில்லை. வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனி லிஃப்ட். பல வளாகங்களில் வேலை முடிந்து போகும்போது வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். இரண்டு வீடுகளுக்கு நடுவே கிடைக்கும் அரைமணி நேரத்தில் பூங்கா பெஞ்சில் உட்காரக் கூடாது. அவர் குளிப்பாட்டிவிட்ட குழந்தை அந்தப் பூங்காவில் ஊஞ்சல் ஆடும். அவருடைய சொந்தக் குழந்தை லீவு நாளில் அம்மாவோடு வந்தால் படிக்கட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் கேள்விப்பட்டதையும் கண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன். விதிவிலக்கான வளாகங்கள் இருக்கலாம், இருந்தால் மகிழ்ச்சி. ஆனால் இந்த விதிகளை எழுதுபவர்கள் கொடியவர்கள் இல்லை என்பதுதான் எனக்குத் துயரம் தருகிறது. படித்தவர்கள், வீட்டில் அந்தப் பெண்ணை அக்கா என்று கூப்பிடுபவர்கள், அசோசியேஷன் கூட்டத்தில் கைதூக்கி இதை நிறைவேற்றுகிறார்கள். ஒருவர் தனியாக வெட்கப்பட்டுச் செய்யாத காரியத்தைச் சுவருக்குள் நூறு பேர் சேர்ந்தால் நிர்வாக விதியாக்கிவிட முடிகிறது.

கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை கிடைப்பதில்லை, வங்கிக் கடன் கிடைப்பதில்லை என்று அங்குள்ள இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியில் அந்தக் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். ஊரே அவரைக் கொண்டாடியது. சில கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டே அந்தப் பகுதியைக் குற்றவாளிகளின் இடம் என்று தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், அந்தப் பிள்ளைகளுக்கு எத்தனை தோழிகளை இல்லாமல் செய்துவிட்டார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கழிவுநீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாக்கடை, மலக்குழி மரணங்களில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. மனிதரை அதில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-ல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம் 2023-ல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இந்த மரணங்களில் பல, தனியார் குடியிருப்புகளின் தொட்டிகளில் நடந்தவை. பொதுச் சாக்கடை வராத இடத்தில் வளாகமே ஒரு சின்ன நகராட்சியாகிறது. தொட்டி அடைத்துக்கொண்டால் ஒப்பந்தக்காரருக்குப் போன் போகிறது. அவர் யாரை அனுப்புகிறார், முகமூடி இருக்கிறதா, இயந்திரம் இருக்கிறதா என்று கேட்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போகிறது. பராமரிப்புக் கட்டணத்தில் அந்த வேலைக்கும் பணம் கட்டியாயிற்று என்பதால் கேட்கத் தோன்றுவதுமில்லை.

இனி, பாதுகாப்பு. விளம்பரங்களின் உயிர்நாடி அதுதான். 2018 ஜூலையில் அயனாவரத்தில், வாசலில் காவலும் உள்ளே கேமராவும் இருந்த ஓர் அடுக்குமாடி வளாகத்தில், செவித்திறன் குறைந்த பதினொரு வயதுச் சிறுமி மாதக்கணக்கில் பாலியல் கொடுமைக்கு ஆளானது வெளியே வந்தது. அங்கேயே பணிபுரிந்த காவலாளி, லிஃப்ட் இயக்குபவர், பிளம்பர் என்று பதினேழு பேர் கைதானார்கள். 2020 பிப்ரவரியில் பதினைந்து பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கொடுமையை எந்த வளாகத்தின் மீதும் குற்றச்சாட்டாக வைக்க நான் அதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நகரம் கற்றுக்கொண்ட பாடம்தான் என்னைக் கலங்க வைக்கிறது. பல இடங்களில் கேமராக்களைக் கூட்டினார்கள், வருபவர் போகிறவரைக் கூடுதலாகச் சோதித்தார்கள். குழந்தைக்கு ஆபத்து பெரும்பாலும் அறிமுகமான கைகளிலிருந்துதான் வருகிறது. நாட்டில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவரே என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்கிறது. வெளியாளைத் தடுப்பதற்காகக் கட்டிய சுவர் இந்த ஆபத்தைத் தொடுவதே இல்லை. மாறாக, உள்ளே வந்தாயிற்று, இனிப் பயமில்லை என்று பெற்றோரின் கண்ணை அது மூடுகிறது. அமெரிக்காவின் கேட்டட் கம்யூனிட்டிகளை ஆராய்ந்து பிளேக்லியும் ஸ்னைடரும் எழுதிய 'ஃபோர்ட்ரஸ் அமெரிக்கா' 1997-ல் வந்தது. அவர்களும் வாயிற்கதவு குற்றத்தைக் குறைத்ததற்கு உறுதியான ஆதாரம் காணவில்லை.

சுவருக்கு வெளியே என்ன ஆகிறது என்று யோசியுங்கள். நானூறு அடி நீளத்துக்கு ஒரு ஜன்னல் இல்லை, ஒரு திண்ணை இல்லை, ஒரு பெட்டிக்கடை இல்லை. இஸ்திரி வண்டி நின்ற இடத்தில் இப்போது 'வாகனம் நிறுத்தாதீர்' பலகை. பூக்காரம்மாவை விரட்டியாயிற்று. இரவு எட்டரைக்கு சமையல் வேலை முடிந்து பேருந்துக்கு நடக்கும் பெண் அந்தச் சுவரோரமாகத்தான் போக வேண்டும். அவள் கூப்பிட்டால் எட்டிப் பார்க்க ஒரு வீட்டு வாசல் அங்கே இல்லை. உள்ளே இருக்கும் பெண் பத்து மணிக்கு நடைபாதையில் பயமில்லாமல் சுற்றி வருவது உண்மை. அதற்காக நான் மகிழ்கிறேன். அவளுடைய பாதுகாப்புக்காக வெளியே தெரு ஆளற்றுப் போனதும் உண்மை. அவளும் அலுவலகம் விட்டு வரும்போது அந்தத் தெருவில்தான் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்குகிறாள்.

'நம்மைப் போன்றவர்கள்' என்ற காரணத்தைக் கடைசியாகச் சொல்வார்கள், மெல்லிய குரலில். விற்பவர்கள் இன்னும் நயமாக, ஒத்த மனமுடையவர்கள் என்பார்கள். ஒத்த வருமானம் என்பது விலைப்பட்டியலிலேயே இருக்கிறது. அதற்கு மேல் என்ன ஒத்திருக்க வேண்டும்? சைவ உணவுக்காரர்களுக்கு மட்டும் வாடகைக்கு என்பதில் தொடங்கி, தனியாக வாழும் இளைஞர்களுக்கு இல்லை, இன்ன மதத்தாருக்கு இல்லை என்று அது எங்கே போய் முடியும் என்பது வீடு தேடி அலைந்த எவருக்கும் தெரியும். அகமதாபாதில் ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. சட்டம் அனுமதித்துவிட்டது என்பதற்காக நாமும் சரி என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் தெருவில் நடப்பது என்பது போராடிப் பெற்ற உரிமை. 1924-ல் ரெட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டசபையில் பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் எந்தச் சாதியாரும் நடக்கத் தடையில்லை என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அதே ஆண்டு வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காகப் பெரியார் சிறை சென்றார். சாலை, கிணறு, குளம், படித்துறை எதிலும் ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவில் பின்னர் எழுதினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதியை இடிக்க 2008 வரை ஆயிற்று. 2019 டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, அதை ஒட்டி வாழ்ந்த பதினேழு தலித்துகள் இறந்தார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அந்த மக்கள் சொன்னார்கள். சோழிங்கநல்லூர் வளாகத்தின் சுவரும் இவையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கட்டியவர்களின் எண்ணம் வேறு. ஆனால் இப்படி ஒரு வரலாறு உள்ள நாட்டில், யாரும் வரக்கூடிய தெருவை விட்டு, அனுமதி பெற்றவர் மட்டும் நடக்கும் தெருவைக் கட்டி அதையே வளர்ச்சி என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அந்தத் தெருவில் பிறந்து வளரும் குழந்தை, தன்னைப் போல இல்லாதவரை வேலை செய்ய வந்தவராக மட்டுமே பார்த்து வளர்கிறது.

செலவுக் கணக்கை அதிகம் நீட்டப் போவதில்லை. வீட்டுவரியும் கட்டி, சதுர அடிக்கு மூன்று ரூபாய் நான்கு ரூபாய் என்று மாதப் பராமரிப்பும் கட்டுகிறார்கள். அது மாதம் 7,500 ரூபாயைத் தாண்டினால், பெரிய சங்கங்களில் அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் உண்டு. ஒரே சேவைக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறவர் முதல் முறை கட்டியதற்குக் கணக்குக் கேட்க வேண்டாமா? கேட்பதில்லை. இன்னொன்று, பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுபவர் அதில் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளிக்காக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அது பொதுமக்களின் பூங்கா. அப்படிக் கொடுத்த நிலம் வளாகத்தின் சுவருக்குள்ளேயே அடைபட்டு, உள்ளிருப்பவர்களின் தோட்டமாகிவிட்ட இடங்களும் உண்டு. விளம்பரத்தில் காட்டிய பசுமையில் ஒரு பங்கு ஊருடையதாக இருக்கக்கூடும் என்று அங்கே வாங்குபவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் ஒரு நடுத்தரக் குடும்பம் என்னதான் செய்வது என்று கேட்பார்கள். முதியவர் ஒருவர் சென்னையின் ஒரு சாதாரணத் தெருவில் கைத்தடியோடு நூறு அடி நடக்க முடியாது. வளாகத்துக்குள் ஒரு மணி நேரம் நடக்கிறார். இதை நான் மறுக்கவில்லை. அவருக்கு அந்த நடையைக் கொடுத்தது சமமான, மேடு பள்ளம் இல்லாத பாதை. சுவருக்கு அதில் வேலை இல்லை. 2019-ல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் வாகனங்களை ஒதுக்கி அகலமான நடைபாதை போட்டார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்தவர்கள், பலூன் விற்பவர்கள் எல்லோரும் அதில் நடந்தார்கள். 2022 நவம்பரில் மெரினா மணலில் மரப்பாதை போட்டபோது, சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் பலர் அலையின் அருகே முதல் முறையாகப் போனார்கள். இவை யாரும் காசு கொடுத்து வாங்கியவை அல்ல. மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு மெரினா பாதை வந்தது. பெரும்பாக்கத்துச் சாலைக்கும் அப்படி ஒரு பாதை வராததற்குக் காரணம், கேட்கத் தெரிந்தவர்கள், ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்தவர்கள், அதிகாரி எழுந்து நின்று பேசக்கூடியவர்கள் எல்லோரும் வாசலுக்கு உள்ளே போய்விட்டதுதான்.

2022 பிப்ரவரியில் பத்து ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு மாநகராட்சித் தேர்தல் நடந்தது. சென்னையில் வாக்களித்தவர்கள் சுமார் 43 சதவீதம். மாநிலத்திலேயே மிகக் குறைவு. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி நாளில், நகரங்களில் முதல்முறையாகப் பகுதி சபைகள் கூடின. கிராமசபை போல, வார்டுக்குள் இருக்கும் யாரும் போய்க் கேள்வி கேட்கலாம். வளாகங்களில் இருப்பவர்கள் அங்கே போக வேண்டும். மாதாந்தர அசோசியேஷன் கூட்டத்தில் லிஃப்ட் பெயின்ட் நிறத்துக்காக மூன்று மணி நேரம் வாதாடும் அதே உறுதியோடு, லாரித் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது, ஒக்கியம் மடுவு தூர்வாரப்பட்டதா, கழிவுநீர்க் குழாய் எந்த மாதம் வரும், தானமாகக் கொடுத்த பூங்காவுக்குத் தெருப் பக்கம் கதவு எப்போது வைப்பீர்கள் என்று கேட்க வேண்டும். வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனி லிஃப்ட் என்ற விதியை அதற்கு முன் வாரமே அவர்கள் தாங்களாக நீக்கிவிடலாம். அதற்கு மாநகராட்சி தேவையில்லை. பகுதி சபையில் பக்கத்து நாற்காலியில் வாரிய வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். அவர் கையில் இருக்கும் மனுவிலும் குடிநீர், வடிகால், பேருந்து என்ற மூன்றும்தான் எழுதியிருக்கும்.